ஃபெண்டர் ஜாக்-ஸ்டாங்: கர்ட் கோபேன் கேட்டுச் செய்வித்த கிட்டார், வாங்கலாமா?

அமெரிக்க ராக் குழுவான நிர்வானாவின் பாடல்கள் காதில் கேட்ட மாதிரியே கையிலும் வர வேண்டும் என்று ஃபெண்டர் கம்பெனியின் ஜாக்-ஸ்டாங் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் வருடக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. ‘ப்ளீச்’ 1989-ல் வந்தது, ‘நெவர்மைண்ட்’ 1991-ல். ‘இன் யூட்டரோ’வை ஸ்டீவ் அல்பினி 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் ஒலிப்பதிவு செய்தார். ஜாக்-ஸ்டாங் அந்தக் குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான கர்ட் கோபேன் கைக்கு வந்ததோ அதே 1993-ன் பிற்பகுதியில், அந்த மூன்றாவது ஆல்பத்துக்கான சுற்றுப்பயணக் காலத்தில். ஆகவே நிர்வானாவின் மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களில் எதிலும் இந்தக் கிட்டார் இல்லை. 1994 ஏப்ரலில், 27 வயதில், அவர் இறந்துபோனார். இடையில் கிடைத்த சில மாதங்களில் சில மேடைகளில் மட்டும் இதை வாசித்தார்.

கிட்டாரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எதை எதிர்பார்த்துப் பணம் போடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கோபேன் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கேட்ட கருவி இது. ஆனால் வருடக்கணக்கில் வாசித்துப் பழகி, குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்து முடித்த கருவி அல்ல. அந்த அரைகுறைத்தன்மை இன்று கடையில் கிடைக்கும் கிட்டாரிலும் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வாசித்தால் ஏமாற்றம்தான். ஒரு நல்ல கம்பி செட்டும் ஒரு மாலை நேர செட்டப்பும் (கம்பியின் உயரம், சுருதி எல்லாம் சரிசெய்யும் வேலை) கொடுத்தால், இந்த விலையில் இதன் குணம் வேறு கிட்டாரில் கிடைப்பது கடினம்.

கோபேன் 1967-ல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீனில் பிறந்தவர். பதினான்காவது பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த கிட்டாரில் தொடங்கினார். எழுதுவது வலது கையால், கிட்டார் வாசிப்பது இடது கையால். பணம் இல்லாத ஊர்ப் பையனுக்கு, அதுவும் இடக்கைக்காரனுக்கு, நல்ல கிட்டார் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பிறகு பேட்டிகளிலும் சொன்னார். வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் போட்டு வாசித்தால் நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) பள்ளங்கள் தலைகீழாகிவிடும், வால்யூம் குமிழ் முழங்கைக்கு அடியில் மாட்டும், பட்டைக் கொக்கி தவறான கொம்பில் இருக்கும். ஆரம்ப காலத்தில் அவர் ஜப்பானில் செய்த மலிவான யூனிவாக்ஸ் கிட்டார்களைத் தேடித்தேடி வாங்கியதற்குப் பணம் ஒரு காரணம். ‘ப்ளீச்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவுச் செலவே 606.17 டாலர்தான்.

அவர் மனம் தங்கியது ஃபெண்டரின் இரண்டு மாடல்களில். 1962-ல் வந்த ஜாகுவார், 1964-ல் மாணவர்களுக்கென்று வந்த மஸ்டாங். ஜாகுவாரை 1970-களின் நடுவிலும், மஸ்டாங்கை 1980-களின் தொடக்கத்திலும் ஃபெண்டர் நிறுத்திவிட்டது. யாரும் பெரிதாக மதிக்காததால் பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தன. ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வீடியோவில் அவர் கையில் இருப்பது 1969 மஸ்டாங். 2022-ல் அது நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அவர் அதைத் தேர்ந்தெடுத்த காலத்தில் அது விலை குறைந்த, ட்யூனிங் நிற்காத சின்னக் கிட்டார் மட்டுமே.

1993-ல் ஃபெண்டர் அவரிடம் பேசியபோது, ஜாகுவாரையும் மஸ்டாங்கையும் போலராய்டில் படம் எடுத்து, பாதியாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, இப்படிச் செய்து கொடுங்கள் என்றார். ஃபெண்டரின் தனி ஆர்டர் பட்டறையான கஸ்டம் ஷாப்பில் லாரி ப்ரூக்ஸ் அதை மரத்தில் கொண்டுவந்தார். முதல் மாதிரியை வாசித்துப் பார்த்த கோபேன், மாற்ற வேண்டியதை பாடியின் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பினார் என்று ஃபெண்டர்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் மறைவுக்குப் பிறகு அந்த இடக்கை ஜாக்-ஸ்டாங்கை மனைவி கோர்ட்னி லவ், ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக்கிடம் கொடுத்தார். 1994-ல் வந்த ‘வாட்ஸ் த ஃப்ரீக்வன்சி, கென்னத்?’ வீடியோவில் பக் அதைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பதைப் பார்க்கலாம்.

விற்பனைக்கு இது இரண்டு கட்டமாக வந்தது. 1990-களின் நடுவில் தொடங்கி இடைவெளி விட்டு 2000-களின் நடுவரை ஜப்பானில் செய்யப்பட்டவை, பாஸ்வுட் பாடி. 2021-ல் ‘நெவர்மைண்ட்’ முப்பதாம் ஆண்டையொட்டி மெக்சிகோவில் செய்யத் தொடங்கியவை, ஆல்டர் பாடி. இரண்டிலும் நெக் மேப்பிள், விரற்பலகை ரோஸ்வுட், ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) 22, ஸ்கேல் (நட்டிலிருந்து, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரையிலான நீளம்) 24 அங்குலம், விரற்பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் நெக் பக்கம் ஒற்றைச் சுருளான சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருளான ஹம்பக்கர், ஒரு வால்யூம், ஒரு டோன், பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு நழுவு ஸ்விட்ச், மஸ்டாங் பாணி டைனமிக் வைப்ராட்டோ (ஆர்ம் என்ற கைப்பிடியால் சுருதியை அசைக்கும் அமைப்பு). நிறம் சோனிக் ப்ளூ அல்லது ஃபியஸ்டா ரெட். 2021-ல் அறிமுக விலை சுமார் 1,250 டாலர். ‘ப்ளீச்’ ஒலிப்பதிவுக்கு ஆனதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் கிட்டாரின் குணத்தில் பெரும்பகுதி அந்த 24 அங்குல ஸ்கேலில் இருந்து வருகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் இரண்டுக்கும் 25.5 அங்குலம். ஒன்றரை அங்குலம் அற்பமாகத் தெரியலாம். நட்டிலிருந்து மூன்றாவது ஃப்ரெட் வரை ஸ்ட்ராட்டில் 103 மில்லிமீட்டர், இதில் 97. முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் பவர் கார்டை (இரண்டு மூன்று கம்பிகளில் மட்டும் பிடிக்கும் எளிய கார்டு) பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிறவருக்கு, அதுவும் கையைப் பார்க்காமல் மைக்கில் வாயை வைத்துக் கத்திப் பாடுகிறவருக்கு, அந்த 6 மில்லிமீட்டர் பெரிய உதவி. கோபேன் முதலில் பாடகர். கை தானாகப் போய்ச் சரியான இடத்தில் விழ வேண்டும் என்பதே அவருக்குத் தேவை. சின்னக் கைகள் உள்ளவர்களும் இதை எடுத்தவுடன் உணர்வார்கள்.

அதற்கு விலை கம்பியின் இழுவிசை. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25.5-லிருந்து 24-க்கு வந்தால் சுமார் 11 சதவீதம் குறையும். நிர்வானா பிற்காலத்தில் மேடையில் அரை சுருதி இறக்கி வாசித்தது. அதில் இன்னொரு 11 சதவீதம் போகும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது 79 சதவீதம். மெல்லிய 9–42 கம்பியோடு (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று) அரை சுருதி இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆடும். பவர் கார்டை வேகமாக அடிக்கும்போது முதல் நொடியில் சுருதி மேலே ஏறிப் பிறகு இறங்குவது காதிலேயே தெரியும். கிட்டார் சுருதி நிற்கவில்லை என்று பலர் புலம்புவதில் பாதி இந்த மெல்லிய கம்பியால் வருவது.

கோபேன் பயன்படுத்தியது டீன் மார்க்லி 10–52 என்று அவருடைய கிட்டார் டெக்னீஷியன் எர்னி பெய்லி சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தேர்வின் காரணம் புரியும். 52 கம்பியை 24 அங்குலத்தில் இ-பிளாட்டுக்கு (அரை சுருதி கீழே) ஏற்றினால் கிடைக்கும் இழுவிசை, ஸ்ட்ராட்டில் சாதாரண 46 கம்பி சாதாரண சுருதியில் தருவதற்கு ஏறக்குறைய சமம். கீழே மூன்று கம்பிகளும் விறைப்பாக நிற்கும், மேலே மூன்றும் சற்றுத் தளர்ந்து வளைக்க எளிதாக இருக்கும். மேல் கம்பிகளும் விறைப்பாக வேண்டுமென்றால் 11-ல் தொடங்கும் செட். ‘கம் ஆஸ் யூ ஆர்’, ‘லித்தியம்’ போல முழு சுருதி இறக்கி வாசிக்க வேண்டிய பாடல்களுக்கு இழுவிசை 70 சதவீதத்துக்கு வந்துவிடும். அங்கே 10–52-ன் முதல் கம்பி போதாது, 11–52 அல்லது 11–54 போடுங்கள். ஒரே கிட்டாரில் கச்சேரி நடுவே இந்த இரண்டு சுருதிக்கும் மாறுவது வேண்டாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் ஏறும்.

தடித்த கம்பி போட்டவுடன் அடுத்த சிக்கல் நட்டில் வரும். மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் 52 கம்பி இறங்காமல் மேலேயே கவ்விக்கொள்ளும். ட்யூனரைத் திருகும்போது சுருதி நகராமல் இருந்து, திடீரென்று ‘டிக்’ என்ற சத்தத்தோடு தாவினால் அதுதான் அறிகுறி. நட் அரத்தால் பள்ளத்தைக் கம்பியின் தடிமனைவிட ஒரு மயிரளவு அகலமாக்குங்கள், ஆழம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் அடித்து இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டியதுதான். முடித்ததும் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டால் போதும். இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுத்துச் செய்வதில் தவறில்லை.

நெக்கைப் பொறுத்தவரை 7.25 ஆரத்தில் கம்பியை மிகத் தாழ்த்தக் கூடாது. விரற்பலகை நடுவில் மேடாக இருப்பதால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியை வளைக்கும்போது அது மேட்டில் உரசி, ஒலி நடுவில் செத்துவிடும். ஃபெண்டர் இந்த ஆரத்துக்குச் சொல்லும் அளவு, நெக்கின் வளைவு 0.3 மில்லிமீட்டர், பதினேழாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. இதைவிடத் தாழ்வாக வேண்டும் என்பவர்கள், நீளமான லீட் வாசிப்பவர்கள், வேறு கிட்டார் பார்க்கலாம். பவர் கார்டும் ஆர்பெஜியோவும் வாசிப்பவருக்கு இந்த வளைவு கைக்கு இதமானது. கம்பியின் தடிமன் மாறினால் டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாதீர்கள், திருகி ஓர் இரவு விட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இப்போது பிரிட்ஜ். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மஸ்டாங் பிரிட்ஜ் பாடியோடு திருகி இறுக்கப்பட்டதல்ல. இரண்டு கால்கள், அவற்றைவிட அகலமான இரண்டு உலோகக் குழிகளில் நிற்கின்றன. வைப்ராட்டோ ஆர்மை அழுத்தும்போது கம்பியோடு பிரிட்ஜும் சாய்ந்து, விட்டதும் நிமிர வேண்டும் என்பது வடிவமைப்பு. ஆர்மைத் தொடாமல் வெறுமனே ஓங்கி அடிக்கும் கைக்கு, அந்த அசைவே பகை. உள்ளங்கை ஒருமுறை பலமாகப் பட்டால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து நிற்கும். சாய்ந்த அந்த ஒரு மில்லிமீட்டரில் ஆறு கம்பிகளின் இன்டோனேஷனும் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) கெட்டுவிடும்.

ஆர்ம் வேண்டாம் என்றால் தீர்வு எளிது. கம்பிகளைக் கழற்றி, பிரிட்ஜை அப்படியே தூக்கி எடுத்து, கால்கள் இரண்டிலும் மின்கம்பி டேப்பைச் சுற்றுங்கள். ஒரு சுற்று, குழியில் இறக்கிப் பார்ப்பது, போதாவிட்டால் இன்னொரு சுற்று. விரலால் தள்ளினால் ஆடாமல், ஆனால் கையால் இழுத்தால் வெளியே வரும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். கால்களின் உள்ளே இருக்கும் ஆலன் திருகுகளால்தான் பிரிட்ஜின் உயரத்தை மாற்ற வேண்டும் என்பதால், அந்தத் துளையை டேப் அடைக்காமல் பாருங்கள். அடிமுனையில் திருகு குழியின் தரையில் ஊன்ற வேண்டும், அங்கேயும் டேப் வேண்டாம்.

எர்னி பெய்லி கோபேனின் மஸ்டாங்குகளில் இன்னும் ஒரு படி போனார். அசல் பிரிட்ஜை எடுத்துவிட்டு கோட்டோ கம்பெனியின் ட்யூனோமேட்டிக் பாணி பிரிட்ஜைப் பொருத்தி, கம்பிகள் கட்டியிருக்கும் வால்பகுதியை அசையாமல் பூட்டிவிட்டார். ஜாக்-ஸ்டாங்கிலும் அதையே செய்யலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த வகைப் பிரிட்ஜுகளின் வளைவு பொதுவாக 12 அங்குல ஆரம், விரற்பலகையோ 7.25. அப்படியே போட்டால் ஓரத்துக் கம்பிகள் உயரமாகவும் நடுக் கம்பிகள் தாழ்வாகவும் நிற்கும். முதல், ஆறாவது கம்பிகளின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளத்தை மற்றவற்றைவிட ஆழமாக வெட்டி வளைவைச் சரிசெய்ய வேண்டும். வாங்குமுன் புதிய பிரிட்ஜின் கால் விட்டத்தைக் கிட்டாரின் குழியோடு அளந்து பாருங்கள்.

வைப்ராட்டோவைப் பயன்படுத்தவே விரும்புகிறவர்கள் வால்பகுதியின் இரண்டு தூண்களைக் கவனிக்க வேண்டும். கம்பி கட்டிய உருளை அந்த இரண்டு தூண்களில் சாய்ந்து நிற்கிறது, அடியில் இரண்டு ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. தூண்களை உயர்த்தினால் பிரிட்ஜின் மேல் கம்பி அழுத்தும் கோணம் குறையும், தாழ்த்தினால் கூடும். கோணம் மிகக் குறைந்தால் ஓங்கி அடிக்கும்போது கம்பி சேடிலின் பள்ளத்திலிருந்து எகிறும், கூடவே ஒரு தகர அதிர்வும் கேட்கும். தாழ்த்தியும் போகாவிட்டால் நெக் பொருந்தும் பள்ளத்தில், பிரிட்ஜை ஒட்டிய ஓரத்தில், விசிட்டிங் கார்டு தடிமனுக்கு ஒரு துண்டு வைத்து நெக்கைத் திருகுங்கள். நெக் சற்றுப் பின்னால் சாயும், கம்பி தாழும், அதை ஈடுகட்ட பிரிட்ஜை உயர்த்தலாம், உயர்த்தியதும் கோணம் கூடும். ஜாகுவாருக்கும் மஸ்டாங்குக்கும் பல காலமாகச் செய்துவரும் வைத்தியம் இது.

இன்டோனேஷனை எல்லாம் முடிந்தபின் கடைசியில், நீங்கள் வாசிக்கப் போகும் சுருதியிலேயே பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக், பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரம். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னால். குறுகிய ஸ்கேலில் தடித்த கம்பி போட்டிருப்பதால் ஆறாவது சேடில் ஏறக்குறைய கடைசி வரை போகும். திருகு முழுவதும் போயும் போதவில்லை என்றால் ஆறாவது கம்பியை ஓர் அளவு மெலிதாக்குவதைத் தவிர வழியில்லை.

ஸ்விட்சுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேட்டைப் படித்தாலும் குழப்பம் தீராது. ஒவ்வொரு நழுவு ஸ்விட்சுக்கும் மூன்று நிலைகள். நடுவில் வைத்தால் அந்தப் பிக்கப் அணையும். இரண்டு ஓரங்களிலும் எரியும், ஆனால் மின்முனைகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து ஒன்பது சேர்க்கைகள். காதுக்குக் கிடைப்பதோ நான்கே ஒலிகள்: நெக் தனியாக, பிரிட்ஜ் தனியாக, இரண்டும் ஒரே திசையில், இரண்டும் எதிர்த் திசையில். ஒரு பிக்கப் மட்டும் எரியும்போது அது எந்த ஓரத்தில் இருந்தாலும் ஒலி ஒன்றுதான். இரண்டையும் நடுவில் வைத்தால் மௌனம், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இரைச்சலைக் கொல்ல இது வசதி.

எதிர்த் திசையில் வைக்கும்போது கீழ்ச் சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஒலி மெலிந்து மூக்கடைத்த மாதிரி வரும், சத்தமும் சட்டென்று குறையும். தனியறையில் வாசிக்கும்போது இந்த ஒலி அழகு. டிரம்மும் பேஸும் சேர்ந்தால் காணாமல் போய்விடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை முன்னால் வைத்தால் மட்டும் அது கூர்மையாக வெட்டி வெளியே வரும். ஆபத்து என்னவென்றால், ஸ்விட்சுகள் அடிக்கும் கை போகும் வழியில் மேல்பக்கம் இருக்கின்றன. கோரஸின் நடுவில் மணிக்கட்டு பட்டு நழுவினால் ஒன்று ஒலி செத்துவிடும் அல்லது பாதியாகிவிடும். உங்களுக்கு வேண்டிய நிலையைத் தேர்ந்து, மேலே கருப்பு டேப் ஒட்டிவிடுங்கள். கோபேனும் மேடையில் பெரும்பாலும் பிரிட்ஜ் ஹம்பக்கரை நம்பியே வாசித்தார்.

ஹம்பக்கர் 2021 மாடலில் நன்றாக வந்திருக்கிறது. சூடான ஒலி, ஆனால் கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் கலங்காமல் கேட்கிறது. ஜப்பான் மாடலில் இருந்தது சோகை பிடித்த ஒலி, மாற்றாமல் வைத்திருப்பவர்கள் குறைவு. நெக் பக்கச் சிங்கிள் காயில் இரண்டு மாடலிலும் இரையும், அது அந்த வகையின் இயல்பு. ஹம்பக்கரோடு ஒப்பிட்டால் சத்தமும் குறைவு. ஹம்பக்கரின் உயரத்தைச் சற்று இறக்கி, சிங்கிள் காயிலை ஏற்றிச் சமன்செய்யலாம். சிங்கிள் காயிலை மிக நெருக்கினால் காந்தம் தடித்த கம்பிகளை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்.

கிட்டாருக்குப் பின்னால் இருப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கோபேனின் இரைச்சல் ஆம்பிலிருந்து வந்தது அல்ல, பெடலிலிருந்து வந்தது. முதலில் பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், பிறகு டிஎஸ்-2. மெசா பூகி ஸ்டூடியோ ப்ரீஆம்ப், அதற்குப் பின் தனி பவர் ஆம்ப், ஒலியை அலையவைக்கும் கோரஸ் எஃபெக்டுக்கு எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் க்ளோன். ஆகவே இந்தக் கிட்டாரோடு நல்ல உரத்த சுத்தமான ஆம்பும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் போதும். பெடலின் லெவலை, சரணத்தைவிட கோரஸ் தெளிவாக ஓங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். டிஸ்டார்ஷனை முக்கால், டோனைப் பாதிக்குக் கீழே. பலரும் டிஸ்டார்ஷனை முழுதாக ஏற்றி லெவலைத் தாழ்த்திவிடுகிறார்கள், அப்போது கோரஸ் பெருக்காமல் சுருங்கிவிடும். கிட்டாரில் வால்யூம் ஒன்றே ஒன்று இருப்பதில் எந்தக் குறையும் தெரியாததும் இதனால்தான்: அமைதிக்கும் கத்தலுக்கும் மாறுவது காலால், கையால் அல்ல.

எடையும் சமநிலையும் சுமார். நின்றுகொண்டு பட்டையில் தொங்கவிட்டால் சௌகரியம். உட்கார்ந்து வாசித்தால் இடுப்பு வளைவு தொடையில் ஒழுங்காக உட்காராமல் தலைப்பக்கம் மெல்லச் சரியும். சொரசொரப்பான தோல் பட்டை பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

கோபேன் ஒலியே குறி என்றால் இன்னும் இரண்டு ஃபெண்டர் மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 2011-ல் வந்த கர்ட் கோபேன் ஜாகுவார், அவருடைய 1965 ஜாகுவாரைப் பின்பற்றியது. இரண்டு டிமார்சியோ ஹம்பக்கர், ஆடாத பிரிட்ஜ், இரண்டு வால்யூம். எடுத்தவுடன் உபத்திரவமில்லாமல் வேலை செய்வது அதுதான். 2012 கர்ட் கோபேன் மஸ்டாங்கில் பிரிட்ஜ் பக்கம் சீமோர் டங்கன் ஜேபி ஹம்பக்கர், கூடவே ட்யூனோமேட்டிக் வகை பிரிட்ஜ். பெய்லி செய்த மாற்றங்களில் பெரும்பகுதி அதில் கம்பெனியிலேயே செய்யப்பட்டிருக்கிறது, ‘இன் யூட்டரோ’ சுற்றுப்பயண ஒலிக்கு மிக அருகில் வருவது அந்த மாடல். இவை இரண்டும் அவர் உண்மையில் பல மேடைகளில் வாசித்த கிட்டார்களின் வழி வந்தவை. ஜாக்-ஸ்டாங்கை எடுப்பவர்கள் அதன் கோணலான உருவத்துக்காகவும், இரண்டு பிக்கப்புகளின் அந்த நான்கு ஒலிகளுக்காகவும், அவரே கத்தரித்து ஒட்டிய யோசனை என்பதற்காகவும் எடுக்க வேண்டும். அந்தக் காரணங்கள் உங்களுக்குப் போதும் என்றால் தயங்கவே வேண்டாம்.

இடக்கைக்காரர்களுக்குப் பரிந்துரை இன்னும் உறுதியானது. இந்த விலையில் இடக்கைக்கென்றே செய்த, வழக்கமான கறுப்பு ஸ்ட்ராட் அல்லாத ஃபெண்டர் மிகச் சிலவே. 2021 ஜாக்-ஸ்டாங் இடக்கையிலும் வந்தது. நட், பிரிட்ஜ், ஸ்விட்ச் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் செய்யப்பட்டவை.

பழைய ஜப்பான் மாடலை இரண்டாம் கையில் வாங்கினால் பார்க்க வேண்டியவை சில. பாஸ்வுட் மென்மையான மரம், பட்டைக் கொக்கியின் திருகைக் கையால் ஆட்டிப் பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் பல்குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் மறுபடி திருகலாம், பயப்பட வேண்டியதில்லை. நழுவு ஸ்விட்சுகளை ஆம்பில் இணைத்தபடி பத்து முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். கரகரத்தால் கான்டாக்ட் க்ளீனர் போதும், ஒரு நிலையில் ஒலியே வராவிட்டால் ஸ்விட்சை மாற்ற வேண்டும். ஹம்பக்கர் மாற்றப்பட்டிருந்தால் எதிர்த் திசைச் சேர்க்கை இப்போதும் மெலிந்த ஒலியைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். புதுப் பிக்கப்பை வயர் மாற்றிப் போட்டிருந்தால் ஸ்விட்சுகள் ஒரே திசையில் இருக்கும்போது மெலிந்தும், எதிரில் இருக்கும்போது முழுமையாகவும் வரும். ஹம்பக்கரின் இரண்டு வயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும், ஆனால் பிக்கப்பின் உலோக உறை அந்த வயரோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைத் தனியாகப் பிரித்து கிரவுண்டில் இணைக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டாலே இரையும். வைப்ராட்டோ ஆர்மைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஆலன் திருகு, அது தளர்ந்து ஆர்ம் தொலைந்துபோன கிட்டார்கள் நிறைய. ஆர்ம் இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வேறு மாடலின் ஆர்மைத் துணைக்குக் கொடுத்தால் அங்கேயே செருகிப் பார்த்து, ஆடாமல் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள்.